தோட்டத்துக் கால்வாயைக் கணினியில் ஓட்டுவோம்: லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறைக்கு வேகமான நிரலை உருவாக்கும் வழி

தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நீரோட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேராக் ஆற்றில் கடல் ஏற்றம் வரும்போது மதகை அடைப்பதும், நீர் வற்றத் தொடங்கியதும் அதைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விடுவதும் இங்கே அன்றாட வேலை. என் தந்தை பல ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவர். நீர் மட்டம் பார்ப்பதற்காகக் கால்வாயின் நடுவில் நட்டிருந்த மூங்கில் கழிக்குப் பின்னால், நீர் இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையுமாகச் சுழன்று போவதை நான் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்தச் சுழலைத் தம் கணினியில் வரவழைக்க விரும்பும், பைத்தானும் சி மொழியும் ஓரளவு தெரிந்த மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருப்பது 8 கிகாபைட் நினைவகம் கொண்ட சாதாரண மடிக்கணினி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்கிறேன். விடுமுறைக்கு வீடு திரும்பி என்னிடம் கற்க வரும் பிள்ளைகளிடம் இருப்பதும் அதுதான்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் லாட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திசையில் எவ்வளவு நீர் போகிறது என்பதைச் சில எண்களாக வைத்துக்கொள்கிறோம். இந்த எண்களுக்குப் பங்கீடுகள் என்று பெயர். இரு பரிமாணத்தில் பெரும்பாலும் 9 திசைகள் போதும்: அசையாமல் நிற்பது ஒன்று, நேர்த்திசைகள் நான்கு, மூலைத்திசைகள் நான்கு. இந்த அமைப்பை டி2கியூ9 என்பார்கள். நிற்பதன் எடை 4/9, நேர்த்திசை ஒவ்வொன்றுக்கும் 1/9, மூலைத்திசை ஒவ்வொன்றுக்கும் 1/36. ஒவ்வொரு காலப்படியிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மோதலில் ஒரு கட்டத்தின் ஒன்பது எண்களும் தங்களுக்குள் கலந்து சமநிலையை நோக்கிச் சற்று நகர்கின்றன. நகர்வில் ஒவ்வோர் எண்ணும் தன் திசையிலுள்ள பக்கத்துக் கட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. மோதலுக்கு 1954ஆம் ஆண்டில் பட்நாகர், கிராஸ், குரூக் ஆகிய மூவர் தந்த எளிய வடிவமே புதியவர்களுக்கு ஏற்றது. புதிய பங்கீடு என்பது பழைய பங்கீட்டிலிருந்து, சமநிலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தளர்வுக் காலத்தால் வகுத்துக் கழித்தால் கிடைப்பது. நீரின் பாகுநிலையைத் தீர்மானிப்பது இந்தத் தளர்வுக் காலம்தான்: பாகுநிலை = (தளர்வுக் காலம் − 0.5) ÷ 3.

நிரல் எழுத உட்காரும் முன் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். இதைத் தவிர்த்தவர்கள் பிறகு பல இரவுகளைத் தொலைத்ததைக் கண்டிருக்கிறேன். 2 சென்டிமீட்டர் பருமனுள்ள கழியை விநாடிக்கு அரை சென்டிமீட்டர் வேகத்தில் கடக்கும் நீரின் ரெனால்ட்ஸ் எண் (வேகம் × பருமன் ÷ பாகுநிலை) 100. உண்மையான கால்வாயில் நீர் இதைவிடப் பல மடங்கு விரைவாக ஓடும். ஆனால் தொடக்கத்திலேயே கொந்தளிப்பான ஓட்டத்தில் கைவைத்தால் நிரல் தவறா, முறை தவறா என்று பிரித்தறிய முடியாது. கழியின் குறுக்கே 40 கட்டங்கள் வைத்தால் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர். கட்ட அளவில் வேகத்தை 0.05 என்று எடுத்துக்கொண்டால் பாகுநிலை 0.05 × 40 ÷ 100 = 0.02, தளர்வுக் காலம் 0.56, ஒரு காலப்படி 0.005 விநாடி. கட்ட வேகத்தை 0.1க்கு மேல் ஏற்றாதீர்கள், நீர் அமுங்கத் தொடங்கி விடை பிழைபடும். பரந்த நீரில், இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் சுழல் பிரியும் விரைவைக் குறிக்கும் ஸ்ட்ரூஹல் எண் (விநாடிக்கான சுழற்சிகள் × பருமன் ÷ வேகம்) ஏறத்தாழ 0.165. அதன்படி ஒரு சுழற்சி முடிய ஏறக்குறைய 4,850 படிகள், அதாவது உண்மை நேரத்தில் 24 விநாடிகள் ஆகும். சுவர்கள் நெருக்கமாக இருந்தால் இந்த எண் சற்று மாறும்.

இப்போது 1200 × 300 கட்டங்கள் கொண்ட கால்வாயில் இருபது சுழற்சிகளைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறத்தாழ 3,500 கோடி கட்டப் புதுப்பிப்புகள். பைத்தானில் லூப் போட்டு ஒவ்வொரு கட்டமாக நடந்தால் விநாடிக்குச் சில பத்தாயிரம் கட்டங்களைத் தாண்டுவதே அரிது. விநாடிக்கு 50,000 என்று தாராளமாக வைத்தாலும் எட்டு நாள் ஓட வேண்டும். அதே மடிக்கணினியில், நன்றாக உருவாக்கிய நிரல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். எப்படி என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

வேகம் எங்கே போகிறது?

குலை வெட்டும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுபவர் எவ்வளவு விரைவாக வெட்டினாலும், குலைகளை ஆலைக்கு எடுத்துப் போகும் லோரி வந்தால்தான் வேலை முடியும். லோரி நாளுக்கு மூன்று நடைதான் என்றால், கூடுதலாக வெட்டிய குலைகள் சாலையோரத்தில் கிடந்து வாடும். லாட்டிஸ் போல்ட்ஸ்மன் நிரலில் வெட்டுபவர் செயலி. லோரி, நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையிலான பாதை.

எண்களாகவே பார்ப்போம். டி2கியூ9இல் ஒரு கட்டத்துக்கு 9 எண்கள், இரட்டைத் துல்லியத்தில் ஒவ்வொன்றும் 8 பைட். படிக்க 72 பைட், எழுத 72 பைட். இத்துடன் முடிவதில்லை: பெரும்பாலான செயலிகள் ஓர் இடத்தில் எழுதும் முன், அந்த இடம் அடங்கிய 64 பைட் வரிசையை நினைவகத்திலிருந்து ஒரு முறை எடுத்து வந்துவிடுகின்றன. ஆக ஒரு கட்டத்துக்கு 216 பைட் போக்குவரத்து. இந்த மோதலுக்குத் தேவையான கூட்டல், பெருக்கல்களோ ஒழுங்காகச் சுருக்கினால் நூறை ஒட்டித்தான் வரும். விநாடிக்கு 15 கிகாபைட் கடத்தும் மடிக்கணினியில் நினைவகம் அனுமதிக்கும் உச்சம் 1500 கோடி ÷ 216, அதாவது விநாடிக்கு 6.9 கோடி கட்டங்கள். அதற்குச் செலவாகும் கணக்குகள் விநாடிக்கு 700 கோடி. பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 வசதியுள்ள 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரே ஒரு கோர் ஏட்டளவில் 4,800 கோடி கணக்குகளைச் செய்யவல்லது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கேட்க வேண்டிய கேள்வி: இது பைட்டுகளைக் குறைக்கிறதா?

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே ஒரு நினைவகப் பலகைதான் செருகியிருக்கும். டிடிஆர்4-2400 வகைப் பலகை ஒன்று ஏட்டளவில் விநாடிக்கு 19.2 கிகாபைட்தான் கடத்தும். இரண்டாவது பலகையைச் செருகினால் பாதை இரட்டிப்பாகிறது. மாணவர்கள் புதிய செயலிக்கு ஆசைப்படுவதற்கு முன் அந்தக் காலி இடத்தைத் திறந்து பார்க்கட்டும்.

கையால் எழுதாமல் உருவாக்குவது ஏன்?

நான் முதன்முதலில் எழுதிய நிரலில் ஒன்பது திசைகளையும் கையாலேயே விரித்து எழுதினேன். கழிக்குப் பின்னால் சுழல்கள் வந்தன, படம் அழகாகவே இருந்தது. ஆனால் சுழல் தடம் கீழ்ப்பக்கம் மிக மெல்லச் சாய்ந்திருந்தது. ஒரு வாரம் தேடிய பிறகு, எதிர்த்திசைப் பட்டியலில் 7ஆம் திசையையும் 8ஆம் திசையையும் இடம் மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். முப்பரிமாணத்தில் 19 திசைகள், 27 திசைகள் என்று போகும்போது இப்படிப்பட்ட பிழைகளைக் கண்ணால் பிடிப்பது நடக்காத காரியம். திசைகளையும் எடைகளையும் ஒரே ஒரு பட்டியலாகக் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் அந்தப் பட்டியலிலிருந்து கணினியையே உருவாக்கச் சொன்னால் இந்தப் பிழைக்கே இடமிருக்காது. எதிர்த்திசை எது என்பதைக்கூட, இரண்டு அம்புகளைக் கூட்டினால் சுழியம் வருகிறதா என்று பார்த்து நிரலே கண்டறியட்டும்.

இதற்கென்றே நல்ல கருவிகள் உள்ளன. ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகக் குழுவினர் உருவாக்கிய எல்பிஎம்பை, பைஸ்டென்சில்ஸ் ஆகிய இரண்டு பைத்தான் நிரலகங்களும் திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. முறையைக் குறியீடுகளாகச் சொன்னால் அவை சி நிரலையோ, வரைகலைச் செயலிக்கான கூடா (CUDA) நிரலையோ எழுதித் தரும். பெரிய கணினிகளில் ஓடும் வால்பெர்லா என்ற கட்டமைப்புக்கும் இவையே நிரல் எழுதித் தருகின்றன. இருந்தாலும் முதலில், குறியீட்டுக் கணிதத்துக்கான பைத்தான் நிரலகமான சிம்பையை மட்டும் வைத்து நூறு வரிக்குள் ஒரு சிறு உருவாக்கியை நீங்களே எழுதிப் பாருங்கள் என்பதே என் அறிவுரை. அதை எழுதியவருக்கு எல்பிஎம்பை செய்வது எல்லாம் விளங்கும். எழுதாதவருக்கு அது மூடிய பெட்டியாகவே இருக்கும்.

உருவாக்கியின் வேலை இது. திசைப் பட்டியலைச் சுற்றி ஒரு லூப் போட்டு, அடர்த்தியையும் இரண்டு திசைவேகக் கூறுகளையும் குறியீட்டுக் கோவைகளாகக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு திசைக்கும் சமநிலையை எழுதுங்கள்:

சமநிலை = எடை × அடர்த்தி × (1 + 3அ + 4.5அ² − 1.5வ²)

இங்கே அ என்பது அந்தத் திசையின் அம்பும் திசைவேகமும் சேர்ந்த புள்ளிப் பெருக்கம். வ என்பது வேகத்தின் அளவு. இதை அப்படியே சி மொழிக்கு மாற்றிக் கம்பைலரிடம் கொடுத்துவிடாதீர்கள். கிழக்கையும் மேற்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: மேற்கில் அ குறி மாறுகிறது, அவ்வளவுதான். 1 + 4.5அ² − 1.5வ² என்ற பகுதி இரண்டுக்கும் பொது. 3அ ஒன்றில் கூடுகிறது, மற்றொன்றில் கழிகிறது. இப்படி நான்கு எதிரிணைகள் இருப்பதால் கணக்குகளில் கணிசமான பகுதி மிச்சமாகிறது. 1.5வ² எல்லாத் திசைக்கும் பொது, ஒரு முறை கணக்கிட்டால் போதும். அடர்த்தியால் வகுப்பதும் கட்டத்துக்கு ஒரே ஒரு முறை. தலைகீழைக் கண்டு வைத்துக்கொண்டு பிறகு பெருக்குங்கள். சிம்பையில் பொதுக்கோவைகளைத் தேடிப் பிரித்தெடுக்கும் செயற்பாடு உண்டு, அது இவற்றில் பலவற்றைத் தானே கண்டுபிடிக்கும். ஆனால் அதற்கு முன் கோவைகளை முழுவதுமாக விரித்துவிட்டால் பொதுப்பகுதிகள் சிதறிப்போய் நிரல் பல மடங்கு நீண்டுவிடும். எதிரிணைகளை நீங்களே சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தேடச் சொல்வதே சிறந்தது.

சிம்பை சி நிரலை அச்சிடும்போது வர்க்கத்தை அடுக்குச் செயற்பாடாக எழுதும். கம்பைலர் சில அடுக்குகளைப் பெருக்கலாக மாற்றிக்கொள்ளும், எல்லாவற்றையும் மாற்றாது. சிறு முழு அடுக்குகளைப் பெருக்கலாகவே அச்சிடும்படி உருவாக்கியை அமைத்துவிடுங்கள். ஒற்றைத் துல்லியத்தில் ஓட்டுவதாக இருந்தால், மாறிலிகளும் ஒற்றைத் துல்லிய மாறிலிகளாக அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் சி மொழி விதிப்படி கணக்கு முழுவதும் இரட்டைத் துல்லியத்துக்கு ஏறி இறங்கி, கிடைக்க வேண்டிய வேகம் கிடைக்காமல் போகும்.

நினைவகத்தில் அடுக்கும் முறை

ஒரு கட்டத்தின் ஒன்பது எண்களையும் ஒன்றாக வைக்கலாம். அல்லது கிழக்கு எண்கள் எல்லாவற்றையும் ஒரு வரிசையாக, மேற்கு எண்கள் எல்லாவற்றையும் அடுத்த வரிசையாக வைக்கலாம். இரண்டாவது முறையையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அடுத்தடுத்த நான்கு கட்டங்களின் கிழக்கு எண்களைச் செயலி ஒரே கட்டளையில் எடுத்துக் கணக்கிட முடியும். உள் லூப் எந்த அச்சில் ஓடுகிறதோ அந்த அச்சில்தான் எண்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். இது மாறிப்போனால் நிரல் சரியாகவே ஓடும், மெதுவாக ஓடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

மோதலையும் நகர்வையும் தனித்தனி லூப்பாக வைத்தால் நினைவகத்தை இரண்டு முறை கடக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்: ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களிலிருந்து தனக்கு வர வேண்டிய எண்களை இழுத்துக்கொண்டு, மோதலைச் செய்து, தன் இடத்திலேயே எழுதட்டும். இழுக்கும் முறையில் எழுதும் இடங்கள் ஒழுங்காக வரிசைப்படுகின்றன. எழுதும் முன் படித்துவிடும் வீண்வேலையைத் தவிர்த்து நேரே நினைவகத்தில் எழுதும் தனிக் கட்டளைகளையும் அப்போது எளிதாகப் பயன்படுத்தலாம். 216 பைட் 144 ஆகிறது, உச்சம் 10.4 கோடிக் கட்டங்களாக உயர்கிறது.

கம்பைலருக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். படிக்கும் அணியும் எழுதும் அணியும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை என்பது முதலாவது. சி மொழியில் அதற்கென ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் உண்டு, அதை உருவாக்கியே எழுதிவிடட்டும். உங்கள் செயலியின் சொந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்ற தேர்வு இரண்டாவது. வெளி லூப்புக்கு, வேலையைக் கோர்களுக்குப் பிரித்துத் தரும் ஓபன்எம்பி வரி ஒன்றைச் சேர்த்தால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும், ஆனால் லோரிப் பாதை நிறைந்தபின் கோர்களைக் கூட்டிப் பயனில்லை. நான்கு கோர் உள்ள மடிக்கணினியில் இரண்டாவது அல்லது மூன்றாவது கோரோடு வேகம் நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள்.

சுவர்களை முக்கிய லூப்புக்குள் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இது சுவரா, நீரா என்று கேட்கும் நிரலைக் கம்பைலர் நான்கு நான்காகக் கட்டித் தருவதற்குத் தயங்கும். சுவரை ஒட்டிய இணைப்புகளை மட்டும் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலாக எடுத்து வைத்து, ஒவ்வொரு படியிலும் அந்தப் பட்டியலின்மேல் மட்டும் ஒரு சிறு லூப் ஓட்டுங்கள். சுவரில் மோதிய பங்கீடு வந்த வழியே திரும்பிவிடும் என்ற விதியே போதும். சுவர், கட்டத்தின் மையத்தில் இல்லாமல் இரண்டு மையங்களுக்கு நடுவில் இருப்பதாகக் கொள்ளப்படும் என்பதை நினைவில் வையுங்கள், கால்வாயின் அகலத்தைக் கணக்கிடும்போது இது குறுக்கிடும்.

சரிபார்த்த பிறகே வேகம்

கழியை வைக்கும் முன், வெறுங்கால்வாயில் ஒரே சீரான விசையால் நீரை ஓட்டிப் பாருங்கள். குறுக்கே திசைவேகம் பரவளைவாக வர வேண்டும்: நடுவில் உச்சம், சுவரில் சுழியம். கட்டங்களை இரட்டிப்பாக்கும்போது பிழை நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டும். பாதியாகத்தான் குறைகிறது என்றால் பெரும்பாலும் சுவரின் இடத்தில்தான் தவறு. தளர்வுக் காலத்தை 0.933 ஆக வைத்தால், (0.933 − 0.5)இன் வர்க்கம் 3/16 ஆகிறது, அந்த மதிப்பில் இந்தப் பரவளைவு ஏறக்குறையத் துல்லியமாகவே வந்துவிடும். நேரான கால்வாயில் இதைவிடக் கூர்மையான சோதனை எனக்குத் தெரியாது. மூடிய பெட்டிக்குள் மொத்த அடர்த்தி மாறாமல் இருக்கிறதா என்பதையும், படத்தை மேல்கீழாகத் திருப்பிப் போட்டு ஓட்டினால் விடையும் திரும்பியே வருகிறதா என்பதையும் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை நான் அன்றே செய்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அதன்பின் அளவிடுங்கள். முதலில் உங்கள் கணினியின் நினைவகப் பாதை எவ்வளவு கடத்துகிறது என்பதை, ஸ்ட்ரீம் என்ற சிறு சோதனை நிரலால் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணைக் கட்டத்துக்கான பைட்டுகளால் வகுத்தால் உச்ச வேகம் கிடைக்கும். உங்கள் நிரல் அந்த உச்சத்தின் பத்தில் எட்டுப் பங்கைத் தொட்டுவிட்டால் கணக்குகளைக் குறைக்க மேலும் மெனக்கெட வேண்டாம். மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால், நான் பார்த்தவரையில் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: உள் லூப்பின் அச்சு தவறு, லூப்புக்குள் எங்கோ ஒரு நிபந்தனை, அல்லது ரெஸ்ட்ரிக்ட் விடுபட்டிருக்கிறது. சோதனைக்கு எடுக்கும் பரப்பும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். 1200 × 300 கட்டங்களுக்கு ஓர் அணியே 26 மெகாபைட் ஆகும். 100 × 100 போன்ற சிறு பரப்பு முழுவதும் செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்துக்குள் அடங்கி, பொய்யான வேகத்தைக் காட்டும்.

இன்னும் குறைக்க விரும்புவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒற்றைத் துல்லியத்துக்கு மாறினால் பைட்டுகள் பாதியாகும். அப்போது பங்கீட்டை அப்படியே சேமிக்காமல், அதன் எடையைக் கழித்த மீதியைச் சேமியுங்கள். மிகச் சிறிய வேறுபாடுகள் பெரிய எண்ணுக்குள் மறைந்துபோகாமல் இருக்க இது உதவும். மற்றொன்று, இரண்டு அணிகளுக்குப் பதிலாக ஒரே அணியிலேயே படித்து அதே இடங்களில் எழுதும் ஏஏ முறை, 2009இல் வெளிவந்தது. ஒற்றைப்படிக்கு ஒரு லூப், இரட்டைப்படிக்கு வேறொரு லூப் என்று இரண்டு வடிவங்கள் தேவைப்படும். கையால் எழுதினால் தலைசுற்றும் இந்த வேலை, உருவாக்கி வைத்திருப்பவருக்குப் படிக்கும் திசையையும் எழுதும் திசையையும் மாற்றிக் கொடுக்கும் சில வரிகளோடு முடிந்துவிடும்.

முப்பரிமாணத்துக்குப் போகும்போதுதான் இதன் பலன் தெரியும். 19 திசைகள் கொண்ட டி3கியூ19இல் ஒரு கட்டத்துக்கு 152 பைட். மதகின் வாயில் நீர் பாய்வதைப் பார்க்க 400 × 200 × 200 கட்டங்கள் எடுத்தால் ஓர் அணிக்கு 2.4 கிகாபைட் ஆகும். இரண்டு அணிகள் என்றால் 4.9 கிகாபைட், இயங்குதளமும் மற்ற நிரல்களும் ஓடும் 8 கிகாபைட் மடிக்கணினி திணறத் தொடங்கும். ஏஏ முறையோடு ஒற்றைத் துல்லியத்தையும் சேர்த்தால் 1.2 கிகாபைட்டில் அடங்கிவிடும். திசைப் பட்டியலில் ஒன்பது வரிகளை எடுத்துவிட்டுப் பத்தொன்பது வரிகளை எழுதி, பரிமாணத்தை 3 என்று மாற்றி, உருவாக்கியை மறுபடி ஓட்டுங்கள். வெறுங்கால்வாய்ச் சோதனையையும் முதலிலிருந்து மறுபடி செய்யுங்கள்.